நினைவகத்தில் இடம் குறையும்போது

களப்பணியாளர் ஒருவர் கைப்பேசியில் குடும்ப விவரப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கிறார் என்று கொள்க. குடும்பத் தலைவரின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, குழந்தைகளின் எடை, குடிநீர் கிடைக்கும் வழி என 27 வினாக்களுக்கு விடை எழுதியாயிற்று. 28ஆவது வினா வீட்டின் புகைப்படம் ஒன்றைக் கோருகிறது. பொத்தானை அழுத்தியதும் காமிரா திறக்கிறது; படம் எடுத்தாகிறது; பணியாளர் மீண்டும் படிவத்திற்கு வருகிறார். அங்கே முதல் வினா காத்துக்கொண்டிருக்கிறது. எழுதிய 27 விடைகளில் ஒன்றேனும் இல்லை. வாசற்படியில் நிற்கும் தாய் அதே வினாக்களுக்கு இரண்டாம் முறையும் விடையளிக்கும் பொறுமை உடையவராயின் நன்று. இல்லாவிடில் அவ்வீட்டின் கணக்கு அன்று விட்டுப்போகிறது.

இத்தகைய இழப்பு நேரும்போது, தம் கை பட்டு எதுவோ அழிந்துவிட்டது எனப் பணியாளர் தம்மையே நொந்துகொள்வதுண்டு. சிக்னல் கிடைக்கவில்லை என்பாரும் உளர். வைரஸ் புகுந்துவிட்டது என்பாரும் உளர். இவை பெரும்பாலும் காரணமாவதில்லை. காமிராவுக்கு இடமளிக்கும் பொருட்டு, அக்கணத்தில் செயலற்றிருப்பதாகத் தனக்குத் தோன்றிய படிவச் செயலியைக் கைப்பேசியின் இயங்குதளம் நினைவகத்திலிருந்து நீக்கிவிட்டது என்பதே அநேக சந்தர்ப்பங்களில் உண்மையாகும். இத்தீர்ப்பை அது எவ்விதிப்படி அளிக்கிறது? தீர்ப்புக்கு உள்ளாகும் செயலிக்கு முன்னறிவிப்பு உண்டா? விடைகளைக் காப்பாற்றியிருக்க இயலுமா? கைப்பேசியைக் கொண்டு கணக்கெடுப்போரும் பாடம் நடத்துவோரும் இவற்றை அறிந்திருப்பது மிகவும் பயனுடையது.

மேசையும் அலமாரியும்

கைப்பேசியில் இடங்கள் இருவகைப்படும். ஒன்று நினைவகம், மற்றொன்று சேமிப்பகம். எழுத்தர் ஒருவரின் மேசையை முன்னதற்கும், அவருக்குப் பின்னாலுள்ள அலமாரியைப் பின்னதற்கும் ஒப்பிடலாம். அலமாரியில் ஆயிரம் கோப்புகள் இருக்கலாம். ஆயினும் ஒன்றைப் படிக்கவோ திருத்தவோ வேண்டுமானால் அது மேசைக்கு வந்தாக வேண்டும். மேசையோ சிறியது. மின்சாரம் நின்றால் அதன்மேல் இருந்தவை யாவும் மறைந்துபோகும். அலமாரியில் வைத்தவை மறைவதில்லை. கடைகளில் '2 ஜிபி, 32 ஜிபி' என்று சேர்த்துச் சொல்லப்படும் இரண்டு எண்களில் முதலாவது மேசையின் அளவையும், இரண்டாவது அலமாரியின் அளவையும் குறிப்பனவாகும். பழைய படங்களை அழித்தால் அலமாரியில் இடம் கிடைக்குமேயன்றி மேசையில் கிடைக்காது. படிவம் அழிந்துபோவதைத் தடுக்கவென்று படங்களை உட்கார்ந்து அழிப்போர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பது நலம்.

நினைவகத்தை இயங்குதளம் சிறு சிறு பக்கங்களாகப் பகுத்து நிர்வகிக்கிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட்டுகள் கொண்டது. அக்கணக்கின்படி 2 ஜிபி நினைவகத்தில் 5,24,288 பக்கங்கள் அடங்கும். ஒரு பகுதியை இயங்குதளம் தனக்கென வைத்துக்கொள்ள, எஞ்சியதைச் செயலிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. சேமிப்பகத்தில் உறங்கும் நிரல், நினைவகத்திற்கு ஏற்றப்பட்டு ஓடத் தொடங்கியபின் அதனைப் பொறியியலார் 'பிராசஸ்' என்பர். இக்கட்டுரையில் அது 'பணி' எனப்படும்.

ஒரு பணி செயலற்றிருக்கிறது என்பதன் பொருள் யாது? மையச் செயலகம் அதற்காக ஒரு வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை. திரையில் அது தோன்றவில்லை. ஆயினும் அது பிடித்துக்கொண்ட பக்கங்கள் அதனிடமே உள்ளன. எழுத்தர் தேநீர் அருந்தப் போயிருக்க, அவர் விரித்துவைத்த கோப்புகள் மேசைமேல் அப்படியே கிடப்பதற்கு இது நிகர். அக்கோப்புகளை உடனே எடுத்து அடுக்கிவிடலாகாதோ என்று கேட்கத் தோன்றும். அடுக்கலாம், ஆனால் அவர் இரண்டு நிமிடத்தில் திரும்பினால் அனைத்தையும் மீண்டும் தேடி எடுத்து விரிக்க வேண்டும். கைப்பேசியிலும் அவ்வாறே. நீக்கிய செயலியை முதலிலிருந்து தொடங்குவதெனில் நிரலைச் சேமிப்பகத்திலிருந்து படித்து, தேவையான அமைப்புகளை ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டும். அதற்கு நேரமும் செல்லும். பாட்டரியின் ஆற்றலும் செலவாகும். நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் பணியை முன்னால் கொண்டுவருவதோ ஒரு கணத்து வேலை.

எனவே இயங்குதளம் நினைவகத்தை வேண்டுமென்றே நிரம்ப வைத்திருக்கிறது. வெறுமையாகக் கிடக்கும் நினைவகத்தால் எவருக்கும் பயனில்லை. நினைவகம் பெரும்பாலும் நிரம்பியிருப்பதைக் கண்டு அஞ்சுவதும், 'சுத்தம் செய்யும்' செயலிகளை நிறுவி நாழிகைக்கு ஒருமுறை அனைத்தையும் துடைப்பதும் தவறான பழக்கங்கள். துடைத்தவற்றுள் பல சிறிது நேரத்தில் மீண்டும் தொடங்கப்படும். அதற்கான செலவை உபயோகிப்பவரே ஏற்கிறார்.

எதிர்காலம் அறியாத யந்திரம்

எதை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்னும் வினா கைப்பேசியுடன் பிறந்ததன்று. இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறி, தன் சிறிய நினைவகத்தையும் பெரிய காந்த உருளையையும் ஒரே நினைவகம் போலக் காட்டி வேலை செய்தது. அதில் ஒரு பக்கம் என்பது 512 சொற்கள். நினைவகம் நிரம்பியதும் ஏதேனும் ஒரு பக்கத்தை உருளைக்கு அனுப்பியாக வேண்டும். எதை அனுப்புவது என்பதைத் தீர்மானிக்க அதில் தனி நிரலே அமைக்கப்பட்டிருந்தது.

1966இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த லாஸ்லோ பெலாடி இவ்வினாவிற்குக் கணித முறையில் விடை கண்டார். எப்பக்கம் எதிர்காலத்தில் வெகு தொலைவில்தான் மீண்டும் தேவைப்படுமோ, அதனையே விலக்க வேண்டும். இதனினும் சிறந்த விதி இல்லை என்பது அவர் முடிபு. முடிபு செம்மையானதே, கடைப்பிடிக்கத்தான் வழியில்லை. எப்பொழுது எது தேவைப்படும் என்பதை எந்த யந்திரமும் முன்கூட்டி அறியாது. ஆதலின் எதிர்காலத்திற்குப் பதிலாக இறந்தகாலத்தை நோக்கும் விதிகளே நடைமுறையில் உள்ளன. அவற்றுள் எளியது, நெடுநேரம் தீண்டப்படாததை முதலில் விலக்குவது. அண்மையில் உபயோகித்தது மீண்டும் உபயோகப்படும் என்பது இதன் அடிப்படை. இஃது ஓர் ஊகமேயன்றி நியதியன்று. ஆயினும் பெரும்பாலும் பொருந்திவரும் ஊகம்.

பழைய கணிப்பொறிகள் விலக்கின என்றால், உருளைக்கோ தட்டுக்கோ அனுப்பின என்று பொருள். தேவைப்பட்டால் திரும்பக் கொண்டுவரலாம், எதுவும் அழிவதில்லை. கைப்பேசியில் இவ்வசதி குறைவு. அதன் சேமிப்பகமான ஃப்ளாஷ் சில்லுகளில் ஒவ்வோர் அறையிலும் இத்தனை முறைதான் அழித்தெழுதலாம் என்ற வரம்பு உண்டு. இடைவிடாமல் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தால் சில்லு தேய்ந்துபோகும். ஆதலின் நிரலின் கட்டளைகள் அடங்கிய பக்கங்களை மட்டும் கைப்பேசி தயக்கமின்றிக் கைவிடும். அவற்றின் மூலப்படி சேமிப்பகத்தில் உள்ளது, வேண்டும்போது மீண்டும் படித்துக்கொள்ளலாம். உபயோகிப்பவர் தட்டச்சு செய்த விடைகள் போன்று புதிதாகத் தோன்றிய விவரங்களுக்கு மூலப்படி வேறெங்கும் இல்லை. 2013இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பிலிருந்து, இத்தகைய பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் அடைத்துவைக்கும் முறை சிறிய கைப்பேசிகளுக்கு ஏற்பட்டது. இதனால் இடம் ஓரளவு கூடுகிறது. ஆனால் சுருக்கவும் விரிக்கவும் மையச் செயலகம் உழைக்க வேண்டும். சுருக்கியும் போதாதபோது எஞ்சுவது ஒரே வழி: ஏதேனும் ஒரு பணியை அடியோடு முடித்து, அதன் பக்கங்கள் அனைத்தையும் கைப்பற்றுவது.

பெரியதை வெட்டும் விதி

ஆண்ட்ராய்டின் அடித்தளமாக இருப்பது லினக்ஸ் என்னும் கருநிரல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். லினக்ஸில் ஒரு பழக்கம் உண்டு. பணிகள் கேட்கும் இடத்தையெல்லாம் 'தருகிறேன்' என்று அது ஒப்புக்கொள்ளும். கையிருப்பைவிட அதிகமாகவும் ஒப்புக்கொள்ளும். கேட்டது முழுவதையும் எவரும் உபயோகிப்பதில்லை என்ற அனுபவமே அதற்குத் துணிவு தருகிறது. ஊரார் அனைவரும் ஒரே நாளில் பணத்தைத் திரும்பக் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கையில் நடக்கும் வங்கியைப் போன்றது இது. என்றேனும் ஒருநாள் அனைவரும் கேட்டுவிட்டால், 'ஓ.ஓ.எம். கில்லர்' என்னும் பகுதி விழித்துக்கொள்ளும். நினைவகம் தீர்ந்தபோது ஒரு பணியைக் கொல்வது அதன் தொழில்.

யாரைக் கொல்வது என்பதில் கருத்து வேறுபாடுகள் பல எழுந்தன. தொடக்கத்தில் ஒரு பணி பிடித்த இடம், அது ஓடிய காலம், நிர்வாகியின் பணியா என்பது போன்ற பலவற்றைக் கூட்டிக் கழித்து மதிப்பெண் இடப்பட்டது. 2010இல் டேவிட் ரியென்ட்ஜஸ் இதனைத் திருத்தி எழுதினார். அதன்பின் விதி எளிதாயிற்று: மொத்த நினைவகத்தில் எவ்வளவு பங்கைப் பிடித்திருக்கிறது என்பது ஆயிரத்திற்கு இத்தனை என்று கணக்கிடப்படும், அதனுடன் −1000 முதல் +1000 வரையிலான ஒரு திருத்த எண் கூட்டப்படும், கூட்டுத்தொகை மிகுந்த பணி நீங்கும். திருத்த எண் −1000 ஆக உள்ள பணியைத் தொடுவதில்லை.

இம்முயற்சியின் அடிப்படையையே ஏளனம் செய்தவரும் உண்டு. நெதர்லாந்து கணித அறிஞர் ஆண்ட்ரீஸ் பிரௌவர் 2004இல் ஒரு கதை சொன்னார். செலவைக் குறைக்க விமானங்களில் எரிபொருளைக் குறைவாக நிரப்பிய ஒரு கம்பெனி, நடுவானில் எரிபொருள் தீரும்போது சில பிரயாணிகளை வெளியே தள்ளும் ஏற்பாட்டையும் செய்ததாம். பின்னர் பொறியியலார் அனைவரும் யாரைத் தள்ளுவது, பருத்தவரையா, வயோதிகரையா, முதல் வகுப்பினரைத் தள்ளலாமா என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டனராம். எரிபொருளைப் போதிய அளவு நிரப்புவது பற்றி ஒருவரும் பேசவில்லை என்பது கதையின் குத்தல். அதில் நியாயம் உண்டு. எனினும் எரிபொருளை வேண்டிய மட்டும் நிரப்பிய கைப்பேசியை வாங்க எல்லாராலும் இயலாது என்பதும் உண்மையே.

மிகப் பெரியதை வெட்டு என்ற விதி கைப்பேசிக்குச் சற்றும் ஒவ்வாது. பெரிய இடத்தைப் பிடித்திருப்பது பெரும்பாலும் உபயோகிப்பவர் அப்பொழுது கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் செயலியாகவே இருக்கும். அதை வெட்டினால் அவர் கண்முன்னே திரை மறைந்துவிடும். ஆகவே ஆண்ட்ராய்டை அமைத்தோர் வேறொரு வழியை நாடினர்.

படிக்கட்டு

முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் நினைவகம் 192 மெகாபைட் மட்டுமே. அத்தனை சிறிய மேசையில் பல வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தமையால், பணிகளை முக்கியத்துவத்தின்படி படிக்கட்டாக வரிசைப்படுத்தும் முறை தொடக்கத்திலேயே அமைந்தது. திரையில் எது உள்ளது, எது பின்னால் பாடுகிறது, எது சும்மா இருக்கிறது என்பதைக் கண்காணிக்கும் ஒரு மேலாளர் நிரல், மேற்கூறிய திருத்த எண்ணை ஒவ்வொரு பணிக்கும் இடுகிறது. நிலைமை மாறுந்தோறும் எண்ணையும் மாற்றுகிறது.

திரையில் தோன்றி உபயோகிப்பவரின் விரலுக்கு மறுமொழி தரும் பணிக்கு எண் 0. முழுவதும் முன்னால் இல்லாவிடினும் கண்ணுக்குத் தெரிவதற்கு 100. கண்ணுக்குத் தெரியாமல் உணரப்படுவதற்கு, எடுத்துக்காட்டாகப் பாடிக்கொண்டிருக்கும் இசைச் செயலிக்கு, 200. பின்னணியில் ஏதேனும் தொண்டு புரியும் பணிக்கு 500. முகப்புத் திரைக்கு 600. சற்றுமுன் திரையில் இருந்து இப்பொழுது விலகியிருப்பதற்கு 700. நெடுநேரமாக நடக்கும் பழைய தொண்டுப் பணிகளுக்கு 800. எவ்வேலையுமின்றி, ஒருவேளை திரும்ப அழைக்கப்படலாம் என்பதற்காக மட்டுமே வைக்கப்பட்டவற்றுக்கு 900 முதல் 999 வரை. இயங்குதளத்தின் சொந்தப் பகுதிகள் −800, −900 எனச் சுழிக்குக் கீழே பாதுகாப்பாக அமர்ந்திருக்கும். வெட்டு எப்பொழுதும் பெரிய எண்ணிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி வரும்.

இவ்வரிசையில் 700 என்னும் படி கூர்ந்து நோக்கத்தக்கது. ஒரு செயலியை விட்டு இன்னொன்றுக்குச் செல்பவர், பெரும்பாலும் முன்னதற்கே திரும்புவார் என்பது அனுபவத்தால் அறிந்தது. அதனால்தான் சற்றுமுன் விட்டுவந்த செயலி, நெடுநேரம் கிடப்பவற்றைவிட ஒரு படி மேலாக மதிக்கப்படுகிறது. முதலில் கூறிய படிவத்தின் இடமும் இதுவே. காமிரா முன்னால் வந்ததும் படிவத்தின் எண் 0இலிருந்து 700 ஆகிவிடுகிறது. நினைவகம் தாராளமாக இருந்தால், அதற்கு மேல் எண்ணுள்ள செயலற்ற பணிகள் பல நீங்கிய பின்னரே அதன் முறை வரும். காமிராவோ இடத்தை மிகுதியாகக் கோரும் செயலி. சிறிய கைப்பேசியில் 900களில் இருந்தவை யாவும் நீங்கிய பின்னும் இடம் போதாமற்போகலாம்; அப்பொழுது வெட்டு 700க்கு இறங்கிவருகிறது.

சார்பு முறையும் இதில் உண்டு. திரையிலுள்ள செயலி வேறொரு பணியின் உதவியைப் பெற்றுக்கொண்டிருந்தால், உதவும் பணியின் எண்ணும் குறைக்கப்படும். இல்லாவிடில் வேரை வெட்டி மரத்தைக் காத்த கதையாகிவிடும்.

மேலாளர் நிரல் அறியாத செய்தி ஒன்றே ஒன்றுதான். படிவத்தில் 27 விடைகள் இன்னும் பத்திரப்படுத்தப்படாமல் கிடக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. திரையில் இருக்கிறதா, ஒலிக்கிறதா, தொண்டு செய்கிறதா என்பவற்றையே அது காண்கிறது. விட்ட வேலை பாதியில் நிற்கிறதா என்பதைக் காண அதற்குக் கண் இல்லை. யந்திரத்தின் நோக்கில் செயலற்றது, மனிதரின் நோக்கில் அவ்வாறு இல்லாதிருக்கலாம்.

வெட்டு எப்பொழுது?

நினைவகம் எந்நிலைக்கு இறங்கியதும் வெட்டத் தொடங்குவது என்பதில் பழைய முறை எளிமையானது. காலியாக உள்ள பக்கங்கள் இவ்வளவுக்குக் குறைந்தால் 900களை வெட்டு. மேலும் குறைந்தால் அதற்குக் கீழ்ப்பட்ட படியை வெட்டு எனப் பட்டியல் ஒன்று வைத்து, ஒரே படியில் உள்ளவற்றுள் பெரிய பணியைத் தேர்ந்தெடுத்தது. காலிப் பக்கங்களின் எண்ணிக்கை நெருக்கடியைச் சரியாகக் காட்டுவதில்லை என்பது இதன் குறை. காலியிடம் குறைவாயிருந்தும் எவரும் துன்புறாதிருக்கலாம். காலியிடம் இருப்பதுபோல் தோன்றியும், பக்கங்களை விடுவதும் மீண்டும் படிப்பதுமாகவே யந்திரம் காலம் கழிக்கலாம். இப்பிற்கூறிய நிலையை 1968இலேயே பீட்டர் டென்னிங் ஆராய்ந்து விளக்கியுள்ளார்.

ஆதலின் இடத்தை அளப்பதை விடுத்துக் காத்திருப்பை அளக்கும் முறை வந்தது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான லினக்ஸ் 4.20 பதிப்பில், நினைவகம் கிடைக்காமல் பணிகள் எவ்வளவு நேரம் தேங்கி நின்றன என்பதைக் கணக்கிடும் வசதி சேர்க்கப்பட்டது. ஆண்ட்ராய்டு 10 முதல் வெட்டும் நிரல் இக்கணக்கையே உபயோகிக்கிறது. ஒரு விநாடியில் 70 மில்லி விநாடி வரை சில பணிகள் தேங்கினால் எச்சரிக்கை. நினைவகம் குறைந்த கைப்பேசிகளில் இவ்வெல்லை 200 மில்லி விநாடியாக வைக்கப்பட்டுள்ளது. சிறிய கைப்பேசி சற்று மிகுதியாகவே தேங்கிப் பழகியது. ஒவ்வொரு சிறு தேக்கத்திற்கும் வெட்டத் தொடங்கினால் ஒன்றும் மிஞ்சாது. இவை இயல்பாக அமைக்கப்பட்ட அளவுகள். கைப்பேசி செய்வோர் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆகவேதான் ஒரே செயலி ஒரு கைப்பேசியில் பிழைத்தும், அதே நினைவக அளவுள்ள மற்றொன்றில் மாண்டும் போகிறது.

முன்னறிவிப்பு

வெட்டப்படும் பணிக்கு இறுதி நேரத்தில் எச்சரிக்கை தரப்படுவதில்லை. லினக்ஸில் பணிகளுக்கு அனுப்பும் குறிப்புகள் எண்ணிடப்பட்டுள்ளன. 15ஆம் எண் 'முடித்துக்கொள்' என்ற வேண்டுகோள். அதனைப் பெற்ற பணி தன் பொருள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு விடைபெறலாம். கைப்பேசியில் வெட்டும் நிரல் அனுப்புவதோ 9ஆம் எண். அதனைப் பணியால் தடுக்கவும் முடியாது, அறியவும் முடியாது. இதில் கொடுமை ஏதுமில்லை. ஒழுங்குபடுத்திக்கொள்ள இடம் கொடுத்தால், அவ்வேலைக்கே புதிய பக்கங்கள் தேவைப்படும். இடமில்லாத நேரத்தில் இடம் கேட்டதாகிவிடும்.

எனவே முன்னறிவிப்பு முன்னதாகவே, பணி நலமாக இருக்கும்போதே தரப்படுகிறது. செயலியொன்று திரையை விட்டு விலகும் ஒவ்வொரு முறையும் 'நீ நிறுத்தப்படுகிறாய், உன் நிலையைக் கொடுத்துவை' என்று இயங்குதளம் அதனிடம் கேட்கும். எவ்வினாவில் நிற்கிறது, என்னென்ன எழுதப்பட்டுள்ளது என்பவற்றைச் செயலி ஒரு சிறு பொதியாகக் கட்டிக் கொடுக்கலாம். பின்னர் பணி வெட்டப்பட்டாலும் பொதி இயங்குதளத்திடமே இருக்கும். உபயோகிப்பவர் திரும்பும்போது புதிய பணி ஒன்று தொடங்கப்பட்டு, பொதி அதன் கையில் தரப்படும். அவ்வாறு நடந்தால், இடையில் ஒரு பணி இறந்து மற்றொன்று பிறந்ததை உபயோகிப்பவர் அறியவேமாட்டார். பொதி சிறிதாகவே இருக்க வேண்டும். அது செல்லும் வழியில் மொத்தமாக ஏறத்தாழ 1 மெகாபைட் அளவே செல்லும். ஆதலின் படங்களையும் நீண்ட விவரங்களையும் பொதியில் கட்டாமல், எழுத எழுத அலமாரியில், அதாவது சேமிப்பகத்தில், பதிந்துவிடுவதே முறை.

இந்நோக்கில் முதற்கண் கூறிய நிகழ்ச்சியை மீண்டும் ஆராய்ந்தால், குறை வெட்டிய இயங்குதளத்தினுடையதன்று. அது சொன்ன விதியின்படியே நடந்தது. கேட்கவேண்டிய நேரத்தில் கேட்கவும் செய்தது. கேட்டபோது கொடுக்கத் தவறியது படிவச் செயலியே. செயலியை எழுதுவோர் தம் மேசைமேல் வைத்துச் சோதிக்கும் கைப்பேசிகள் பெரும்பாலும் விலையுயர்ந்தவை. அவற்றில் வெட்டு 700 வரை இறங்கிவருவதே அரிது; ஆகவே தவறு அவர்கள் கண்ணில் படுவதில்லை. அது முதலில் புலப்படுவது, மலிவான கைப்பேசியுடன் கிராமத்தில் நிற்கும் பணியாளருக்கே.

ஆண்ட்ராய்டு அல்லாத இடங்களிலும் இதே வினா எழுகிறது. ஆப்பிள் கைப்பேசிகளில் 'ஜெட்சம்' என்னும் பகுதி ஏறக்குறைய இவ்வாறே படிகளை வகுத்து வெட்டுகிறது. கப்பல் மூழ்காதிருக்கச் சரக்கைக் கடலில் எறிவதைக் குறிக்கும் சொல் அது. ஆசிரியர்கள் மதிப்பெண் பதிய உபயோகிக்கும் குரோம் உலாவியும் 2015 முதல், நினைவகம் குறையும்போது பின்னால் கிடக்கும் பக்கங்களைக் கைவிட்டு, அவற்றைத் தொடும்போது மீண்டும் ஏற்றுகிறது. மேசைக் கணிப்பொறியில் அவ்வாறு கைவிடும்போது, உபயோகிப்பவர் எதையேனும் தட்டச்சு செய்து அனுப்பாமல் விட்ட பக்கத்தை அது தவிர்க்கிறது. கைப்பேசியின் மேலாளருக்கு இல்லாத கண் இங்கு ஓரளவு உண்டு எனலாம். ஆண்ட்ராய்டு 11இல் (2020) மற்றொரு ஏற்பாடும் இடம்பெற்றது: செயலற்ற பணிகளை வெட்டாமல், மையச் செயலகத்தின் நேரம் சிறிதும் கிடைக்காதபடி உறையவைப்பது. இது பாட்டரியைக் காக்குமேயன்றி, உறைந்த பணியின் பக்கங்களை விடுவிப்பதில்லை.

களத்தில் செய்யக்கூடியவை

படிவத்தில் 'வரைவாகச் சேமி' என்ற பொத்தான் இருப்பின், காமிராவையோ வேறெதையுமோ திறக்குமுன் அதனை அழுத்துவது முதன்மையானது. அழைப்பு வந்தாலும் அவ்வாறே. பொத்தான் இல்லாத படிவங்களில், புகைப்பட வினாவிற்கு முதலிலேயே செல்ல வழியிருந்தால் படத்தை முதலில் எடுத்துவிடலாம். இழக்க நேர்ந்தாலும் அப்பொழுது இழப்பதற்கு ஒன்றுமிராது. கணக்கெடுப்பின் நடுவே காணொளி, வரைபடம் போன்ற பெரிய செயலிகளைத் திறவாதிருப்பதும் பயன் தரும்.

அண்மையில் உபயோகித்தவற்றின் பட்டியலில் படிவத்தை விரலால் தள்ளி அகற்றுவது முற்றிலும் வேறு செயல். இயங்குதளம் வெட்டினால் பொதி தங்கும். உபயோகிப்பவரே தள்ளினால், அவருக்கு அது வேண்டாம் என்று கொண்டு பொதியையும் எறிந்துவிடும். படிவம் சிக்கிக்கொண்டாற்போல் தோன்றும்போது பலர் முதலில் செய்வது இதைத்தான்.

பயிற்சியளிப்போருக்கு ஒரு சோதனை உண்டு. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'கைப்பேசியைப் பற்றி' என்னும் பகுதியில் பதிப்பு எண்ணை ஏழு முறை தொட்டால், நிரலர்களுக்கான அமைப்புகள் திறக்கும். செயலியின் திரைகளை விட்டு விலகியவுடனே அழித்துவிடுமாறு கட்டளையிடும் தேர்வு ஒன்று அங்கே உள்ளது. அதனை இயக்கிவிட்டு, புதிதாக வந்த படிவத்தில் நாலைந்து விடைகளை எழுதி, முகப்புத் திரைக்குச் சென்று திரும்ப வேண்டும். பின்னர் புகைப்பட வினாவிலும் அவ்வாறே செய்து பார்க்க வேண்டும். விடைகள் இருந்த இடத்தில் இருந்தால், செயலி தன் நிலையைக் கொடுத்துவைக்கும் கடமையைச் செய்கிறது எனக் கொள்ளலாம். மறைந்துபோனால், படிவம் ஊர்களுக்குச் செல்லுமுன்பே அதனை எழுதியோருக்குத் தெரிவித்துத் திருத்தச் சொல்லலாம்; எந்த வினாவில், எப்பொத்தானை அழுத்தியபின் மறைந்தது என்பதையும் குறித்து அனுப்பினால் திருத்துவோருக்கு வேலை எளிதாகும். சோதனை முடிந்ததும் அத்தேர்வை மறவாமல் அணைத்துவிட வேண்டும். அணைக்காவிடில் அக்கைப்பேசியில் எல்லாச் செயலிகளும் ஒவ்வொரு முறையும் தம் திரையைப் புதிதாகக் கட்டிக்கொண்டு தாமதிக்கும்.